வாயை மட்டும் அசைக்கச் சொன்னவள் எழுதுவது

மக்கா,

போனில் பேசினால் நமக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. "தின்னியா?" என்று நான் கேட்பேன். "தின்னேன்" என்பாய். "அங்க மழையா?" என்பேன். "இல்ல" என்பாய். அதற்குள் உன் அப்பா வந்து போனைப் பிடுங்கி அதே இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்பார். அதனால்தான் பாட்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியைத் திட்டு, என்னைத் திட்டாதே. போன செவ்வாய்க்கிழமை, தங்கச்சி அபிஷாவின் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொன்னாய். "நான் வந்தா எல்லாரும் என்னையத்தான் பாப்பாவ, பொண்ணை யாரும் பாக்க மாட்டாவ. அவளுக்க நாளு அவளுக்க நாளா இருக்கட்டும்மா" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதமில்லை. அந்த நேரத்துக்கு எனக்கு வாயடைத்துப் போயிற்று, அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். உன் பாட்டுக் குழுவில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டு. என்னைப் பற்றி அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதில் நிறைய இருக்கிறது.

கடற்கரையை ஒட்டிய நம் மாதா கோவிலில் நான் இருபத்தெட்டு வருஷமாகப் பாட்டுக் குழுவை மேய்க்கிறவள் என்பது உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். பூசைக்கு உட்காருகிறவர்களும் அப்படித்தான், பாட நிற்கிறவர்களும் அப்படித்தான். பிந்தி வருகிறவர்களுக்கு என்னிடம் திட்டு நிச்சயம். பங்குச் சாமியாருடைய சொந்த அண்ணன் மகளையே வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறேன். சுருதி சேராதவர்களைத் திட்டமாட்டேன். அவர்களுக்கு வேறு வழி வைத்திருந்தேன். பக்கத்தில் போய் மெதுவாக, "நீ வாயை மட்டும் அசை மக்களே, சத்தம் வேண்டாம்" என்பேன். பாட்டு நடக்கும்போதே யாராவது பிசகினால் கையை லேசாக உயர்த்தி இரண்டு விரலை மூடிக் காட்டுவேன். அவர்கள் உடனே சத்தத்தை விழுங்கிவிட்டு உதட்டை அசைப்பார்கள். இதை நான் பெரிய நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். யாரையும் குழுவை விட்டு அனுப்பவில்லையே, திருவிழாவுக்கு எல்லாரோடும் ஒரே நிறச் சேலை கட்டி நிற்கிறார்களே, வீட்டில் உள்ளவர்களுக்கும் சந்தோஷம்தானே. மீன் ஏலம் கூவுகிற லில்லியை உனக்கு ஞாபகமிருக்கும். அவள் பதினோரு வருஷம் அப்படி நின்றாள். துறையில் அவள் போடுகிற சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கும். கோவிலுக்குள் அவள் சத்தம் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

உன் சத்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாட்டின் மேல் ஸ்வரத்தை நீ எட்டும்போது பின்வரிசையில் குழந்தைகளை அதட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் அதட்டலை நிறுத்துவார்கள். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நேரத்துத் தனிப்பாட்டு ஒவ்வொரு வருஷமும் உனக்குத்தான். பன்னிரண்டு வயதில் ஒரு கொடியேற்றத்தன்று நீ பாட்டுக்காரப் பையன்களோடு வலது பக்கம் போய் நின்றாய். நான் அத்தனை பேர் முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்து வந்து பெண்கள் வரிசையில் விட்டேன். அழுதுகொண்டே பாடினாய். பக்தியில் அழுகிறாய் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள், நானும் தலையாட்டினேன். பதினைந்து வயதில் ஒருநாள், "பாட்டு பிடிக்கும்மா, ஆனா அந்தச் சத்தம் எனக்க சத்தமில்ல" என்றாய். என்ன தாழ்மை என் பிள்ளைக்கு என்று மடத்துக்குப் போய் சிஸ்டர்மாரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். ஒரு பிள்ளை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும் என்று இப்போது யோசிக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ சென்னைக்கு வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம், பிப்ரவரி தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தாய். குரல் கரகரத்துப் போய், பேச்சின் நடுவில் உடைந்து உடைந்து வந்தது. நான் பதறிவிட்டேன். ஐஸ் தண்ணீர் குடித்தாயா, ஹாஸ்டலில் ஏசி போட்டுத் தூங்கினாயா என்று படி ஏறுவதற்குள் பத்துக் கேள்வி. நல்லமிளகும் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு மூன்று வேளையும் காப்பி. அது போதாதென்று, தொண்டை நோய்க்குப் பாதுகாவலரான புனிதரின் திருநாள் அந்த வாரத்தில் வந்தது. பூசை முடிந்து சாமியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து மந்திரிப்பாரே, அந்த வரிசையில் உன்னை எனக்கு முன்னால் நிறுத்தினேன். "இவளுக்கு நல்லா வச்சு மந்திரிங்க சாமி, குரல் போயிட்டு" என்று நான்தான் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். எத்தனையோ நாள் காத்திருந்து, மருத்துவர் கவனிப்பில் ஊசி போட்டு, அப்போதுதான் உனக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த குரல் அது. அதைத் துரத்தச் சொல்லி நான் சாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு பூசையில் பழைய இடத்தில் நிறுத்தி உன்னிடமும் அதையே சொன்னேன்: "வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்." நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு நான்கு பாட்டுக்கும் உதட்டை அசைத்தாய்.

மறுநாள் காலையில் நான் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாய். "அம்மா, இது சீக்கு இல்ல. நான் கேட்டு வாங்கினது. நான் ஆணும்மா. சின்னதுலயே அப்படித்தான் இருந்தேன். எனக்க பேரு இப்பம் ஜெனிஷ்." திருநம்பி என்று ஒரு சொல் இருப்பதையும் அன்றைக்குத்தான் உன் வாயால் கேட்டேன். மீன்செதில் ஒட்டிய கையோடு நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. "கடவுள் தந்த குரலைக் கொண்டுபோய் கடல்ல போட்டியா?" என்றேன். உன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்விகூட கேட்கவில்லை மக்கா. வலித்ததா என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் யாரிடம் சொல்லி அழுதாய் என்று கேட்கவில்லை. எனக்குக் குரல்தான் பெரிதாகப் பட்டது. மதியம் பஸ்ஸில் நீ போய்விட்டாய். குழுவின் வருகைப் பதிவு நோட்டில் உன் பழைய பெயரை நானே அடித்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம், போனில் இருந்த உன் பழைய தனிப்பாட்டைப் போட்டுப் போட்டு அழுதேன். அபிஷா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். "செத்த பிள்ளைக்கு அழுறது போல அழுறியளாமே, நான் உயிரோடல்லா இருக்கேன்" என்று நீ ஒருமுறை கேட்டாய்.

பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து ராணி கூப்பிட்டாள். உன் பாட்டுக் குழுவை நடத்துகிறவள், திருநங்கை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று கனத்த ஒரு குரல், "ஜெனிஷோட அம்மாங்களா?" என்று கேட்டது. "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். தெரியாமல் வைத்தேன் என்று நினைக்காதே. தெரிந்துதான் வைத்தேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். "ராங் நம்பர் இல்லம்மா. உங்க பிள்ளை மூணு வாரமா வேலைக்குப் போகல, சாப்பாடு இறங்கல. டாக்டர்கிட்ட நாங்க கூட்டிட்டுப் போயிட்டுத்தான் இருக்கோம். ஆனா நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றாள். ஒரு திட்டு இல்லை, ஒரு குத்தல் இல்லை. அன்றைக்கே நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். உன் அப்பா ஸ்டேஷன் வரை வந்து ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "அவனுக்குப் பிடிக்கும்லா, கொடு" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார். உன்னை 'அவன்' என்று நம் வீட்டில் முதலில் சொன்னவர் அவர்தான், நானில்லை.

உன் அறையில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். கதவின் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் யார் சோறு கொண்டுவருவது, செவ்வாய் யார், மருந்துக்குக் கூட வருவது யார் என்று ஏழு நாளுக்கும் ஏழு பெயர். ஞாயிற்றுக்கு நேரே பெயரோடு சேர்த்து, 'பாட்டு. பாடினாலும் சரி, பாடாவிட்டாலும் சரி, வா' என்று எழுதியிருந்தது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் குழுவில் யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் நான் செய்வது நோட்டில் பெயரை அடிப்பதுதான். அந்த ஞாயிறு உன்னோடு நானும் வந்தேன். தையல் கடைக்கு மேலே ஒரு அறை, தரையில் பாய், ஒரு பழைய கீபோர்டு, பதினேழு பேர். ராணி ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு எது சௌகரியம்? மேலயா, நடுவா, கீழயா?" என்று கேட்டாள். ஆண் பக்கம், பெண் பக்கம் என்று ஒன்றும் இல்லை. போன வாரம் நடுவில் உட்கார்ந்தவர் இந்த வாரம் மேலே போகிறார், யாரும் ஏனென்று கேட்பதில்லை. இது எங்கே உருப்படும் என்று நான் மூக்கைச் சுளித்தது உண்மை. போதாததற்கு நடுக்குரல்காரர்கள் சுருதியில் அரைக்கட்டை இறக்கம். என் கை துருதுருத்தது.

இரண்டாவது பாட்டில் நீ வாயைத் திறந்தாய். மூன்று வாரமாகச் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவன் அன்றைக்குத்தான் பாடினாய் என்று ராணி பிறகு சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் உன் குரல் உடைந்தது, ஸ்வரத்தை விட்டுவிட்டாய். மக்கா, அந்த நொடியில் என் கை தானாக உயர்ந்தது. இரண்டு விரலையும் மூடிவிட்டேன். ஆனால் அந்த அறையில் என் கையை யாரும் பார்க்கவில்லை. மற்ற பதினாறு பேரும் அடுத்த அடிக்குப் போகாமல் அந்த ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் உன் பக்கம் திரும்பவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மூச்சு முட்டினவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்தார். நீ தடவித் தடவி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் எல்லாருமாக அடுத்த அடிக்குப் போனார்கள். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலை முந்தானையைச் சரிசெய்வது போல நடித்தேன். நீ பார்த்தாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் மன்னித்துக்கொள். இல்லை, பார்க்காவிட்டாலும் மன்னித்துக்கொள்.

பிறகு ராணி என்னையும் பாடச் சொன்னாள். பழக்கத்தில் மேல்வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் இரண்டு அடி கேட்டுவிட்டு, "அம்மா, மேல போறப்ப உங்க சத்தமே வரலியே" என்றாள். என்னை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அப்போதே இரண்டு வருஷமாக நம் கோவிலில் மேல் ஸ்வரம் வரும்போதெல்லாம் நானும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு வயதுக்குக் குரல் இறங்கிவிட்டது. வெளியே சொன்னால் குழுவை வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். கடவுள் தந்த குரல் என்று உன்னிடம் கத்தினேனே, அதே கடவுள் எனக்குத் தந்ததை எனக்கே தெரியாமல் மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ராணி என்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து கீழ்வரிசையில் உன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நாம் இரண்டு பேரும் ஒரே வரியைப் பாடினோம். உன் புதுக்குரலை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன். கொள்ளாம் மக்கா. நல்ல தடித்த, நிதானமான குரல். என் அப்பாவுக்கு இருந்தது அப்படி ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் தெருமுனைக் கடையில் நீ நான்கு இட்லி தின்றாய். அதைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை எழுத எனக்கு வராது. பாட்டு மருந்தா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் தந்த மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தாதே, அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் இட்லிக் கடையில் உங்கள் குழுவிலுள்ள பாங்க் ஆபீசர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "வாரம் முழுக்கக் குரலை அடக்கியே பேசறேன்மா. கொஞ்சம் நீட்டிப் பேசினா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். இங்க வந்துதான் முழுசா மூச்சு விடறேன்" என்றார். நாற்பது வயது மனிதர். அந்த ஊரில் அத்தனை பேருக்கு ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் முழுத் தொண்டையோடு இருக்கக் கிடைக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதே. வேலை இருக்கிறது, மழை பெய்கிறது என்று சாக்குச் சொல்லாதே. உனக்கு மனசு சரியில்லாதபோது உனக்கு ஏழு பேர் வந்தார்கள், நீயும் யாருடைய கதவுத் தாளிலாவது ஒரு நாளுக்குப் பெயர் எழுது.

இனி கல்யாண விஷயம். ஊர் மாறிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பார்ப்பார்கள். முதல் பத்து நிமிடம் பொண்ணை விட்டுவிட்டு உன்னைத்தான் பார்ப்பார்கள். கல்யாணப் பூசையில் நீ பாட நிற்கிறாய் என்று நான் சொன்ன அன்றைக்கே குழுவில் ஒருத்தி நோட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னும் திரும்பி வரவில்லை. நீ பாடலாமா என்று சாமியாரிடம் கேட்டேன். "பாட்டு உங்க பொறுப்பு டீச்சர், யாரு பாடணும்னு நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்?" என்றார். இதற்கு மேல் அவரிடமிருந்து எதிர்பார்க்கமுடியாது, இதுவே எனக்குப் போதும். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக் கைபிடித்துக் கூட்டிவருவது பொண்ணின் சகோதரன் செய்கிற முறை; அதற்கு உன் சித்தப்பா மகனை நிறுத்தலாம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அபிஷா எழுந்து நின்று, "எனக்கு அண்ணன் இருக்கான். அவன் போடாத மோதிரம் வேண்டாம்" என்றாள். மாப்பிள்ளை மார்த்தாண்டத்துக்காரர், பேச்சு குறைவு. அவரிடம் அவள் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்கிறாள். அவர் போனில் என்னிடம், "மச்சான் வருவாருல்லா மாமி? விரல் அளவு அனுப்பியாச்சு" என்றார். உன் தங்கச்சியின் நாள் அவளுடைய நாளாக இருக்கவேண்டும் என்றாயே, அவள் கேட்பது என்ன என்று அவளிடம் ஒரு தடவையாவது கேட்டாயா? அவளுக்காக ஒதுங்குகிறேன் என்று நீ சொல்வது, சத்தம் வராமல் வாயை அசைப்பது மாதிரிதான். அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். நானே சொல்கிறேன், அது வேண்டாம்.

குழுவை மாற்றியிருக்கிறேன். இடம் வலம் போய்விட்டது. மேல், நடு, கீழ் என்றுதான் இப்போது நிற்கிறோம். லில்லியிடம் போய், "இனி சத்தமா பாடு" என்றேன். அவள் நம்பாமல் என்னை மேலும் கீழும் பார்த்து, "டீச்சருக்குக் காய்ச்சலா?" என்றாள். இப்போது பாடுகிறாள். கேட்கச் சகிக்கவில்லை. ஏலம் கூவுகிற தொண்டையல்லவா, மூன்று பேரை இழுத்துக்கொண்டு போகிறது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு அடியை முழுசாகப் பிடித்துவிட்டாள். சந்தோஷத்தில் அவளே அழுதுவிட்டாள், அதனால் அடுத்த அடி போயிற்று.

நன்மை நேரத்துப் பாட்டை ஒரு கட்டை இறக்கி வைத்திருக்கிறேன். மேல் ஸ்வரம் எனக்கு எட்டாது என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் குழுவைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கீழ்வரிசையில் ஒரு வரி இரண்டு பேருக்கு மட்டும். ஒன்று நான். பயிற்சியில் அந்த இடம் வரும்போது நான் தனியாகப் பாடுகிறேன், பலமாக இல்லை, ஆனாலும் சத்தமாகவே பாடுகிறேன். உன் குரல் அந்த இடத்தில் உடைந்தால் நீ பயப்படவேண்டாம். நீ வந்து சேரும்வரை அந்த ஸ்வரத்தைப் பிடித்து நிற்க எல்லாருக்கும் பழக்கிவிட்டேன். கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை, அடுத்த அடிக்கு ஓடிவிடுகிறான். அவனுக்குத் தினமும் திட்டு.

வருகைப் பதிவு நோட்டில் கீழ்க்குரல் வரிசையில் ஜெனிஷ் என்று எழுதியிருக்கிறேன். பென்சிலால் அல்ல. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவிலில் கடைசிப் பயிற்சி. ஆறு என்றால் ஆறு. பிந்தி வந்தால் அத்தனை பேர் முன்னாலும் வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுவேன். என் மகன் என்று பார்க்கமாட்டேன்.

அம்மா